படத்தில் புள்ளியா, மங்கலா, நறநறப்பா? லென்ஸைத் துடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கேமரா வைத்திருப்பவர்களின் லென்ஸ் அழுக்கை விடத் துடைப்பால்தான் அதிகம் கெடுகிறது. பாலாற்று மணலும் கல்குவாரித் தூசியும் பெரும்பாலும் குவார்ட்ஸ் கலந்தவை. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. லென்ஸ் கண்ணாடி ஏறத்தாழ 5 முதல் 6.5 வரைதான். மணல் துகள் உட்கார்ந்திருக்கும்போது சட்டை நுனியால் ஒரு தேய் தேய்த்தால், அந்தத் துகளே கண்ணாடி மேல் உள்ள மெல்லிய பூச்சில், அதாவது கோட்டிங் மேல், கோடு போட்டுவிடும். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் பார்ப்பது, அடுத்து காற்று, அடுத்து பிரஷ், அப்புறம் உலர்ந்த துணி, கடைசியாகத் திரவம். எந்தப் படியில் அழுக்கு போய்விட்டதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: கைக்கு அடக்கமான ரப்பர் பல்ப் ப்ளோவர், மென்மையான லென்ஸ் பிரஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி (ஒன்று லென்ஸின் முன்கண்ணாடிக்கு, இன்னொன்று கேமரா பாடிக்கு, இரண்டையும் மாற்றிவிடக் கூடாது), ஒரு கட்டு லென்ஸ் டிஷ்யூ, லென்ஸ் கிளீனிங் திரவம் அல்லது 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு சின்ன எல்இடி டார்ச். டார்ச்சை மறந்துவிடாதீர்கள். பாதிப் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதை அதுதான் காட்டும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றோடு எண்ணெயும் தண்ணீர்த் துளியும் சேர்ந்து வரும், அழுத்தமும் அதிகம். டப்பாவில் அடைத்து விற்கும் காற்றும் சாய்த்துப் பிடித்தால் குளிர்ந்த திரவத்தைக் கண்ணாடி மேல் துப்பும்.

## அறிகுறி 1: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

இதைப் பார்த்ததும் லென்ஸைத் துடைக்க ஆரம்பிப்பதுதான் பொதுவான தவறு. முன்கண்ணாடியில் இருக்கும் தூசி படத்தில் புள்ளியாக விழுவது அபூர்வம். ஃபோகஸ் ஆகாத தூரத்தில் அது கரைந்துபோகும். புள்ளி தெளிவாகத் தெரிந்தால் கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் மேல் தூசி என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

சோதனை. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப்/16, மேனுவல் ஃபோகஸ். வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுங்கள். கை கொஞ்சம் அசைந்தாலும் பரவாயில்லை. பிறகு அதே காட்சியை எஃப்/4-இல் எடுங்கள்.

- எஃப்/16-இல் புள்ளி தெரிந்து எஃப்/4-இல் மறைந்தால்: சென்சார் தூசி.
- லென்ஸை மாற்றிய பிறகும் அதே இடத்தில் இருந்தால்: சென்சார்தான், சந்தேகமே இல்லை.
- லென்ஸை மாற்றியதும் போய்விட்டால்: முதல் லென்ஸின் பின்கண்ணாடியை (கேமராவுக்குள் பார்க்கும் பக்கம்) பாருங்கள்.
- வைட் லென்ஸில், சூரியன் எதிரே இருக்கும்போது மட்டும் புள்ளிகள் தோன்றினால்: ஃபில்டர் அல்லது முன்கண்ணாடித் தூசி. ப்ளோவர் போதும்.

சென்சார் என்றால். முதலில் கேமரா மெனுவில் உள்ள தானியங்கி சுத்தத்தை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். போகவில்லையென்றால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, லென்ஸைக் கழற்றி, டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் நிற்கும் மிரரைத் தூக்கி நிறுத்தும் கிளீனிங் மோடுக்குப் போங்கள். பேட்டரி நடுவில் செத்தால் மிரரும் ஷட்டரும் கீழே விழும், உள்ளே ஏதாவது இருந்தால் ஷட்டர் இதழ் கிழியும். கேமரா வாயைத் தரைப் பக்கம் கவிழ்த்துப் பிடித்து, ப்ளோவர் மூக்கு உள்ளே நுழையாமல், எட்டு பத்து முறை அழுத்துங்கள். மேல் நோக்கிப் பிடித்து ஊதினால் கிளம்பிய தூசி மறுபடி அங்கேயே உட்காரும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

புள்ளி எங்கே என்று தேட ஒரு கணக்கு உண்டு. படத்தில் மேல் இடது மூலையில் புள்ளி தெரிந்தால், கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். மேல் கீழ் மாறும், இடம் வலம் மாறாது.

காற்றுக்கும் அசையாத புள்ளி மகரந்தமாகவோ எண்ணெய்த் துளியாகவோ இருக்கும். அதற்கு ஈரக் குச்சி வேண்டும். சிறிய அளவான ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16 மி.மீ., பெரிய அளவான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ. அகலக் குச்சி. திரவம் இரண்டு சொட்டு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. குச்சியைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்பி ஒரு இழுப்பு. அதோடு அந்தக் குச்சி குப்பைக்கு. இரண்டு குச்சி போட்டும் புள்ளி நகரவில்லையென்றால் மூன்றாவதை எடுக்காதீர்கள், சர்வீசுக்குக் கொடுத்துவிடுங்கள். பாடிக்குள்ளேயே சென்சார் அசைந்து நடுக்கம் குறைக்கும் கேமராவாக இருந்தால், கை பழகாதவர்கள் ஈரக் குச்சியைத் தொடவே வேண்டாம்.

## அறிகுறி 2: படம் முழுக்க வெளிறிப்போகிறது, விளக்கைச் சுற்றி ஒளி பரவுகிறது

கல்யாண சீசனில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். மண்டபத்தில் காலையில் எடுத்த படம் பளிச்சென்று இருக்கும், முகூர்த்தம் முடிந்து எடுத்ததெல்லாம் பால் ஊற்றினாற்போல் இருக்கும். காரணம் ஹோமப் புகை. நெய்யும் சமித்தும் எரிந்த புகை கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படியும். நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பழுப்பு மங்கலாகத் தெரியும்.

அ. ஃபில்டரைக் கழற்றி ஒரு படம் எடுங்கள். தெளிந்துவிட்டால் வேலை அவ்வளவுதான். ஃபில்டரைத் தனியாகத் துடைத்துக்கொள்ளலாம். மலிவான யுவி ஃபில்டர் என்றால் கறை இல்லாமலே மண்டப சீரியல் விளக்குக்கு எதிரே பேய் பிம்பம் காட்டும். அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஆ. ஃபில்டர் இல்லாமலும் மங்கல் என்றால், பின்கண்ணாடி. லென்ஸ் மாற்றும்போது கட்டைவிரல் படுவது இங்கேதான். முன்கண்ணாடியில் விழுந்த கைரேகையை விடப் பின்கண்ணாடியில் விழுந்த சின்ன ரேகை படத்தை அதிகம் கெடுக்கும்.

இ. அடுத்து முன்கண்ணாடி. எண்ணெய்ப் படலம் காற்றுக்கோ உலர்ந்த துணிக்கோ போகாது. உலர்ந்த துணி அதை இழுத்துப் பரப்பும், அதனால் இங்கே மட்டும் அந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். துடைக்கும் முறை இது:

1. லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ஐந்தாறு முறை ப்ளோவர். பிறகு பிரஷால் ஓரங்களைத் தட்டிவிடுங்கள். பிரஷ் முடியை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், விரல் எண்ணெய் அதில் ஏறிக் கண்ணாடிக்குப் போகும்.
2. டார்ச் அடித்துத் துகள் மிச்சமில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் மறுபடி காற்று.
3. லென்ஸ் டிஷ்யூவை நான்காக மடித்து, அதன் நுனியில் இரண்டு சொட்டுத் திரவம் விடுங்கள். கண்ணாடி மேல் நேராக விடக் கூடாது. கண்ணாடிக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளி திரவத்தைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனால் வெளியே எடுக்க லென்ஸைப் பிரிக்க வேண்டும்.
4. லென்ஸைப் படுக்கவைத்தாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நடுவில் ஆரம்பித்துச் சுருள் சுருளாக வெளியே வாருங்கள். அழுத்தம் தேவையில்லை, டிஷ்யூ கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒரு சுற்று முடிந்ததும் அந்த டிஷ்யூவை எறிந்துவிடுங்கள்.
5. ஈரம் தானாகக் காய்வதற்குள் புது டிஷ்யூவால் அதே சுருளில் உலர்த்துங்கள். காய விட்டால் வளையமாகக் கறை நிற்கும்.

ஹோமப் புகைக்கு இந்தச் சுற்று இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். ஒரே டிஷ்யூவைத் திருப்பித் திருப்பிப் போட்டால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது.

எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் முக்கியம். மெடிக்கலில் விற்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி தண்ணீர், கறை விடும். சானிடைசரில் கிளிசரின் இருக்கும், அதுவே ஒரு படலம். அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி இரண்டும் பிளாஸ்டிக் பாடியையும் எழுத்துப் பெயின்ட்டையும் கரைக்கும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவமும் லென்ஸுக்கு ஆகாது. முகம் துடைக்கும் டிஷ்யூ மரநாரால் ஆனது, சிலவற்றில் லோஷனும் தடவியிருப்பார்கள். கார்பன் நுனி லென்ஸ் பேனா சின்னக் கைரேகைக்கு நல்ல கருவி, ஆனால் காற்று அடித்த பிறகுதான், அதுவும் உலர்ந்த கண்ணாடியில்தான்.

மைக்ரோஃபைபர் துணியைச் சோப்பு போட்டு நன்றாக அலசிக் காயவையுங்கள். துணிக்கு மென்மை தரும் கம்ஃபர்ட் வகைத் திரவத்தில் முக்கினால் அந்த மெழுகு அடுத்த தடவை லென்ஸுக்கு வரும்.

ஈ. வெளியே இரண்டு பக்கமும் சுத்தம், இன்னும் மங்கல் என்றால், உள்ளே. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து பின்பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் லென்ஸில் பின்னால் உள்ள சின்ன நெம்புகோலை மெதுவாகத் தள்ளினால் திறக்கும். உள்கண்ணாடி முழுவதும் சீரான பனிபோல் தெரிந்தால் மசகு ஆவியாகிப் படிந்திருக்கிறது. மே மாதம் 40 டிகிரி தாண்டும் வெயிலில் பூட்டிய காரிலும் பைக் பெட்டியிலும் கேமராவை விட்டுவைத்தால் இப்படி ஆகும், கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களுக்கும் வழியும். இதழ்கள் பளபளவென்று ஈரமாகத் தெரிகிறதா பாருங்கள். எஃப்/11-இல் தொடர்ந்து எடுக்கும்போது சில படங்கள் மட்டும் வெளிச்சம் அதிகமாக வந்தால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடுகின்றன. இரண்டுமே லென்ஸைப் பிரிக்கும் வேலை, வீட்டில் செய்யக் கூடாது.

கைப்பேசியில் இதே அறிகுறி என்றால் பத்தில் ஒன்பது தடவை விரல் எண்ணெய்தான். கவர் ஓரத் தூசியை ஊதிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் ஒரு சொட்டு ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். துடைத்த பிறகும் உள்ளே பனி தெரிந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சர்வீஸ்.

## அறிகுறி 3: கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள்

மழைத்துளியோ, அமிர்தி அருவிச் சாரலோ, ஈரக்கை பட்டதோ காய்ந்து நின்ற உப்பு. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர், அதை வைத்துத் துடைத்தால் ஒரு வட்டத்துக்குப் பத்து வட்டம் வரும்.

துளி ஈரமாக இருக்கும்போதே டிஷ்யூவை வைத்து ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள். காய்ந்துவிட்டால் ஆல்கஹால் உதவாது, உப்பு அதில் கரையாது. டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு டிஷ்யூவில் விட்டு, கறை மேல் சில விநாடி ஒற்றி வைத்து, பிறகு மேலே சொன்ன முறையில் லென்ஸ் திரவத்தால் முடியுங்கள். இரண்டு தடவைக்குப் போகாத வட்டத்தைத் தேய்த்துப் போக்க முயல வேண்டாம். நாலைந்து வட்டம் நின்றாலும் படத்தில் தெரியாது, தேய்த்த கோட்டிங் தெரியும்.

## அறிகுறி 4: மஞ்சள், குங்குமம், விபூதி, பொடி ஏதாவது படிந்திருக்கிறது

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, பாலாற்றங்கரை மயானக் கொள்ளை, தை மாசியில் ஊருக்கு ஊர் நடக்கும் காளை விடும் விழா, எங்கே போனாலும் பொடியோ புழுதியோ நிச்சயம். இங்கே ஈரம்தான் எதிரி. மஞ்சள்பொடி மேல் திரவம் பட்டால் குழைந்து வளைய இடுக்கில் போய் உட்காரும். குங்குமமும் அப்படியே.

முதலில் லென்ஸைக் கழற்றாதீர்கள். கேமராவோடு சேர்த்துக் கவிழ்த்து, மூடி போட்டிருந்தால் மூடி ஓரத்தை முதலில் பிரஷால் தட்டி, அப்புறம்தான் திறக்க வேண்டும். ப்ளோவரால் பத்துப் பதினைந்து முறை. வளையத்தின் உட்பள்ளத்தில் நிற்கும் பொடியைப் பிரஷை ஒரே திசையில் இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். கண்ணாடி முழுக்கப் பொடி நீங்கியது டார்ச்சில் உறுதியான பிறகே திரவம். ஜூம் வளையத்தை இந்த வேலை முடியும் வரை திருப்ப வேண்டாம். விழா இடத்தில் லென்ஸ் மாற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு லென்ஸ் கட்டாயம் தேவை என்றால் இரண்டு பாடி கொண்டுபோவதே வழி.

## அறிகுறி 5: ஜூம் அல்லது ஃபோகஸ் வளையம் நறநறக்கிறது

உடனே நிறுத்துங்கள். லென்ஸின் குழாய்களுக்கு நடுவில் மணல் போய்விட்டது. ஒவ்வொரு திருப்பலும் அதை இன்னும் உள்ளே தள்ளும். ஆட்டோஃபோகஸையும் அணைத்துவிடுங்கள், மோட்டார் பல்சக்கரத்தில் ஒரு மணல் போதும்.

லென்ஸ் நீண்டிருந்தால் நீண்ட நிலையிலேயே, முன்பக்கம் கீழே பார்க்கப் பிடித்து, குழாயைச் சுற்றிப் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள், ப்ளோவர் அடியுங்கள். ரப்பர் பிடியை லேசாகத் தூக்கி அடியில் மணல் இருக்கிறதா பாருங்கள், பல தடவை சத்தம் அங்கிருந்துதான் வரும். பிறகு ஒரே ஒரு முறை, மெதுவாக, முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் சரி. போகவில்லையென்றால் திருப்பாமல் டப்பாவில் வைத்து சர்வீசுக்கு அனுப்புங்கள். மசகெண்ணெய் சொட்டு விடுவது லென்ஸைக் கொன்றுவிடும்.

## அறிகுறி 6: திடீரென்று கண்ணாடி ஆவி பிடிக்கிறது

குளிர்ந்த கேமரா ஈரக்காற்றுக்கு வந்தால் வரும். ஏசி போட்ட மணமகள் அறையிலிருந்து ஐப்பசி மழை நாளில் வெளியே வரும்போதும், ஏலகிரியில் விடியற்காலை எடுத்துவிட்டு ஜோலார்பேட்டைக்கு இறங்கும்போதும் இதுதான் நடக்கும். துடைக்காதீர்கள், துடைத்த அடுத்த நொடி மறுபடி பிடிக்கும், தூசியும் சேர்ந்து தேயும். வெளியே வருவதற்கு முன் பையின் ஜிப்பை மூடி, அரை மணி முதல் முக்கால் மணி வரை அப்படியே விடுங்கள். ஆவி பிடித்த நிலையில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரும் பிடித்துக்கொள்ளும்.

ஆவி உட்பக்கம் என்றால் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். போய்விட்டுத் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. பூஞ்சைக்கு முன்னால் சர்வீசுக்குக் காட்டிவிடுங்கள்.

## அறிகுறி 7: உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக

பூஞ்சை. டார்ச்சில் கிளை கிளையாகப் பிரிந்து தெரியும். ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வரும். காற்றில் ஈரம் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் வளரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடிய பீரோவுக்குள் அது சாதாரணம்.

- வெளிக்கண்ணாடி மேல் மட்டும் என்றால்: ஆல்கஹால் போட்டு இரண்டு மூன்று டிஷ்யூவில் போய்விடும்.
- உள்ளே, ஓரத்தில், சின்னதாக என்றால்: படத்தில் தெரியாது. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். பூஞ்சை சுரக்கும் அமிலம் கோட்டிங்கை அரிக்கும். பிறகு பூஞ்சையை எடுத்தாலும் அதன் தடம் கண்ணாடியில் நிற்கும்.
- நடுவரை வந்துவிட்டால்: சர்வீசுக்குக் கொடுக்கும் முன் விலை கேளுங்கள். அதே லென்ஸ் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதில் பாதியைத் தாண்டினால் வேறு லென்ஸ் பார்ப்பது நல்லது.

மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தால் பூஞ்சை போகும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வளர்ச்சி நிற்கலாம், படிந்தது போகாது, கிரீஸ் இளகும். சூரியனைப் பார்த்துத் திறந்து கிடக்கும் லென்ஸ் துணியையும் காகிதத்தையும் பற்றவைக்கும்.

வைக்கும் முறையில்தான் தீர்வு. காற்றுப் புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 200 முதல் 250 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் சரி. 30-க்குக் கீழே போனால் ரப்பர் காயும், ஜெல்லைக் குறையுங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, சமையல் வாணலியில் வறுக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி டிரம்மில் புதைப்பதும் வேண்டாம், அரிசி மாவுத் தூசி வளையங்களுக்குள் போகும். நாப்தலின் உருண்டையின் ஆவி கண்ணாடியில் படியும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நல்ல தோல் பை எளிதாகக் கிடைக்கும், தூக்கிப் போக அழகுதான், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழைக்காலம் முழுக்க லென்ஸை அதற்குள் பூட்டிவைக்காதீர்கள்.

## அறிகுறி 8: கேமரா லென்ஸை ஏற்க மறுக்கிறது

கேனனில் எர் 01 என்று வருவது லென்ஸும் பாடியும் பேசிக்கொள்ளவில்லை என்பதற்கான செய்தி. பெரும்பாலும் லென்ஸும் பாடியும் தொட்டுக்கொள்ளும் பித்தளை நிற மின்தொடர்புப் பொட்டுகளில் வியர்வைப் படலம். பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த மைக்ரோஃபைபரால் லென்ஸ் பொட்டுகளைத் துடைத்து, போகவில்லையென்றால் துணியில் ஒரு சொட்டு ஆல்கஹால். பாடிப் பக்கப் பின்கள் ஸ்பிரிங் மேல் நிற்பவை, அழுத்தாமல் துடையுங்கள். பென்சில் அழிரப்பர் போடாதீர்கள், அதன் துகள் சென்சாருக்குத்தான் போகும். வேறு லென்ஸ் போட்டும் அதே பிழை என்றால் பாடியில் கோளாறு.

## அறிகுறி 9: ஃபில்டர் கழலவே மாட்டேன் என்கிறது

இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். சுத்தமான ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தை ஃபில்டர் முகப்பில் தட்டையாக வைத்து, லேசாக அழுத்தித் திருப்புங்கள், சுற்றிலும் ஒரே அழுத்தம் விழுந்தால் கழலும். அடிபட்டு நெளிந்த வளையம் என்றால் கடையில் கொடுங்கள், குறடு போட்டால் முன்கண்ணாடி போகும்.

## அறிகுறி 10: கீறல்

கீறலா, ஒட்டிய முடி இழையா என்று முதலில் ப்ளோவரால் ஊதிப் பாருங்கள். கீறல்தான் என்றால் வீட்டு வைத்தியம் கிடையாது. பற்பசை, கார் பாலிஷ் இரண்டும் கீறலைச் சுற்றியுள்ள கோட்டிங்கைச் சேர்த்து உரித்து, ஒரு கோட்டை ஒரு மங்கலான திட்டாக்கிவிடும்.

முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் சாதாரணப் படங்களில் தெரியாது. எதிர்வெளிச்சத்தில் மட்டும் ஒளிக்கீற்று வரும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் (வெளிச்ச மறைப்பு) போட்டால் பெரும்பாலும் அடங்கும். பின்கண்ணாடிக் கீறல் அப்படியல்ல, பின்னணி விளக்குகளின் மங்கல் வட்டங்களில் கோடாகத் தெரியும், மாறுபாடும் (கான்ட்ராஸ்ட்) குறையும். அதை மாற்ற லென்ஸைப் பிரித்து, கண்ணாடிகளை மறுபடி நேர்க்கோட்டில் நிறுத்தும் கருவி வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். போகும்போது லென்ஸோடு எஃப்/4, எஃப்/16 இரண்டிலும் எடுத்த வெள்ளைச் சுவர்ப் படத்தையும், எதிர்வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். கோளாறு எங்கே என்று அவர்கள் பிரிக்காமலே கணிக்க அது உதவும், மதிப்பீடும் அன்றே கிடைக்க வாய்ப்புண்டு.